பொட்டில்லாத நெற்றி

பிள்ளைகளே, இன்று காலை வவுனியா பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பரந்தனில் ஏறியவர்கள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“நான் சாகமுந்தியே என்னைச் சாகடிச்சுப்போட்டாய் எண்டு என்ர மனுசன் அழுகிறார், அக்கா,” என்றார் இளையவர். “புருசன் செத்தாப் பிறகுதானே பொட்டை அழிக்கிறது எண்டு கேக்கிறார்.”

“மனுசருக்குப் பயந்தா ஆண்டவருக்குப் பின்னால போகேலாது, தங்கச்சி.”

“பொட்டை அழிச்சிட்டு ஞானஸ்நானம் எடுத்துத் தண்ணிக்குள்ளால எழும்பேக்கை எனக்குப் பயமே இருக்கேல்லை. அப்ப அவர் வயலில நல்லா நிண்டு வேலை செய்தவர். இப்ப ஆஸ்பத்திரி வாட்டில கிடக்கிறார். நாளைக்கு ஒப்பரேசன். அதுக்கு முந்தி ஒருக்காப் பொட்டோட வந்து நில்லு எண்டு கேக்கிறார்.”

“ஜெபம் பண்ணு. நானும் பண்ணுறன்.”

“பண்ணிப் பண்ணி நாக்கு வறண்டுபோச்சு. வைச்சா ஆண்டவரைக் கைவிட்ட மாதிரி. வைக்காட்டி அவரைக் கைவிட்ட மாதிரி. நீங்கள்தானே என்னைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். நீங்களெண்டா என்ன செய்வியள்?”

மூத்தவர் மடியிலிருந்த வேதாகமத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“என்ர மனுசன் செத்தாப் பிறகுதான் நான் சபைக்கு வந்தனான்,” என்றார். “எனக்கு இந்தச் சோதனை வரேல்லை.”

பஸ் வவுனியாவுக்குள் நுழைந்தது.

“ஆஸ்பத்திரியடி இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ!” என்று கொண்டக்டர் கத்தினார்.

இளையவர் எழும்பினார். நெற்றியில் ஒன்றுமில்லை.

“உள்ளுக்குப் போனவுடனே அவர் என்ர முகத்தைப் பார்க்கமாட்டார், அக்கா,” என்றார். “நெத்தியைத்தான் பார்ப்பார்.”