நேயர் தரப்பு

கடித உறைகளை நான் கத்தரிப்பதில்லை. ஒட்டிய இடத்தை ஈரத் துணியால் ஒற்றினால் கிழியாமல் திறந்துகொள்ளும். தொலைக்காட்சி நிலையத்தின் நேயர் கடிதப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. சோர்வாக இருக்கிறது, ஐயா. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சரித்திரத் தொடரை எழுதியவள் என் தங்கை. அரண்மனைச் சலவைக்காரி ஒருத்தியின் கதை. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நேயர்களில் பாதிப் பேர் அழுதோம் என்று எழுதினார்கள். மீதிப் பேர் கதை நகரவே இல்லை, கொட்டாவிதான் மிச்சம் என்றார்கள். அவளுக்கு விமர்சகர்கள்மேல் நம்பிக்கை இல்லை.

"அவங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதுவாங்கண்ணா. தபால்ல வர்றதுதான் நிஜம்" என்பாள். சனிக்கிழமைதோறும் என்னைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

முதல் மாதமே ஒரு பிழையை எடுத்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் கண்ணாடிச் சிம்னி விளக்கு கிடையாது.

"அங்க ஒருத்தி உயிர் போற மாதிரி அழறா, எங்கண்ணன் விளக்கைத் துடைச்சுக்கிட்டு இருக்கார்" என்றாள், சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும். என் மனைவியும் சிரித்தாள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு பாராட்டுக் கடிதங்களை அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்தேன். கிழிக்கவில்லை, அவை நேயர்களுடையவை. குறை சொன்னவை போதாத வாரங்களில் நானே எழுதினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு கையெழுத்து. பள்ளியில் கடிதம் எழுதுவதில் முதல் மதிப்பெண் எப்போதும் எனக்குத்தான்.

"என்ன சார், உங்க தங்கச்சிமேல ஊருக்கே வயித்தெரிச்சலா?" என்று தட்டச்சுக்காரி கேட்டாள்.

"மக்கள் கருத்தும்மா. நாம என்ன பண்றது" என்றேன்.

தங்கை இளைத்துப்போனாள். ஆனாலும் எழுதுவதை விடவில்லை. சலவைக்காரி ஆற்றில் இறங்கும் காட்சிக்கு விருது அறிவித்தார்கள். அந்தச் சனிக்கிழமை நீலத் தாளில் ஒரு தாயின் கடிதத்தைப் படித்தேன். 'அந்தக் காட்சியைப் பார்த்து என் மகளும் ஆற்றில் இறங்கிவிட்டாள். பதினாறு வயது. உங்களுக்கு விருது கிடைத்திருக்கிறதாமே.' மூன்றே வரிகள். நீட்டியிருந்தால் பொய் தெரிந்திருக்கும்.

"அந்த அம்மாவைப் பார்க்கணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். முகவரி நான் உண்டாக்கியது. போனால் அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்துவிடும்.

"நீ இரும்மா, நான் போய்ப் பேசிட்டு வர்றேன்" என்றேன். பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னண்ணா சொன்னாங்க? மன்னிப்பாங்களா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரொம்ப அலுப்பாக இருந்தது.

"உன் முகத்துலயே முழிக்க மாட்டாங்களாம்" என்றேன்.

திங்கட்கிழமை அவள் அறைக் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.

மேசைமேல் அந்தத் தாய்க்கு அவள் எழுதி வைத்திருந்த கடிதத்தை நேற்று இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் என்னிடம் காட்டினீர்கள். மன்னிப்பு கேட்டிருந்தாள், வேறொன்றும் இல்லை. அப்படி ஒரு தாய் இல்லாததால் அது எனக்கு வந்த கடிதம் என்றுதான் கொள்ள வேண்டும். மூன்று முறை படித்தேன். மகளைப் பறிகொடுத்தவளாக இருந்து யோசித்துப் பார்த்தேன், ஐயா. என்னால் மன்னிக்க முடியவில்லை.