கடல் தண்ணீரால் ஓடும் கப்பல்

"கடல் தண்ணியில கப்பல் ஓடும். தண்ணியால ஓடுமா மகள்?"

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்த மீனவர் கேட்டார். பக்கத்திலிருந்த மகளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்பது பேச்சில் தெரிந்தது.

"தண்ணிக்குள்ள இருக்கிற ஹைட்ரஜனைச் சூரியனுக்குள்ள நடக்கிற மாதிரி ஒண்டாச் சேர்த்தா, நட்சத்திரத்துக்கே கப்பல் விடலாம் வாப்பா. அதத்தான் படிக்கப் போறன்."

"தண்ணி இங்கேயும் கிடக்குதானே?"

"அத ஒண்டாச் சேர்க்கிற மெஷின் இங்க இல்லியே."

நிந்தவூர் தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கப்பல்ல போறவங்க திரும்பி வருவாங்களா?"

"வர ஏலா வாப்பா. அவ்வளவு தூரம்."

"நீ?"

"நான் நாலு வருசத்துல வந்திருவன்."

"இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லு."

"இன்ஷா அல்லாஹ்."

"அப்ப போயிட்டு வா."