கோலா மருந்தும் அஞ்சலாட்சியின் தேர்வும்

அன்பின் உறைவிடமே! ஆன்ற அறிவின் ஆழியே! புதுச்சேரி மருத்துவச்சிப் பயிற்சிக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கூறு உரைத்து, உள்ளக்கூறும் உணர்ந்த உத்தமரே! இன்று பணி ஓய்வு பெறும் ஆசான் முசியே லூர்துநாதன் அவர்களே, வணக்கம்!

தங்கள் பெருமையெல்லாம் பேசப் புகுந்தால் பொழுது போதாது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் அவையோருக்குச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மகள் அஞ்சலாட்சி இங்கே படிக்க வந்த ஆண்டு அது. தேர்வு வந்தால், சோர்வை ஓட்டி நினைவைக் கூராக்கும் என்று மாணவியர்க்குக் கோலாக்கொட்டை மருந்து கொடுப்பது வழக்கம். அதைக் குடித்த சில நாள் அஞ்சலாட்சி பாடத்தை மடமடவென்று ஒப்பிப்பாள். சில நாளோ, அதே மருந்துக்குக் கை நடுங்கும், படித்தது பறந்துபோகும். வாய்மொழித் தேர்வன்று கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறினாள்.

"மந்தபுத்திங்க. ஊட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார் தலைமை வைத்தியர்.

நம் லூர்துநாதன் ஐயாவுக்கு அது ஒப்பவில்லை. பெண்ணின் சூலகத்துச் சுரப்பு மாதந்தோறும் இரத்தத்தில் ஏறி இறங்குவதைப் பாரீசுச் சஞ்சிகையில் படித்திருந்தார். மருந்தின் குணத்தையும் அது மாற்றுமோ? கேட்க வேண்டியதோ, ஆண்பிள்ளை கேட்கக் கூசும் கேள்வி. மனைவியார் அகஸ்டினா அம்மையாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இத சொல்லவா இவ்ளோ வேர்வ? நானே கேட்டுட்டு வரேன், போங்க" என்று சிரித்தார் அம்மையார்.

கேட்டும் வந்தார். கை நடுங்கிய நாளெல்லாம், தேர்வு நாள் உட்பட, மாதவிலக்குக்கு முந்தின நாட்கள்.

ஐயா தலைமை வைத்தியர் முன் போய் நின்றார். "மருந்தும் அதான், பொண்ணும் அதான், ஒடம்புதான் அன்னிக்கு வேற. என் யூகம் தப்பாவும் இருக்கலாம். மாதவிலக்கு கழியட்டும், அதே மருந்தக் குடுத்து இன்னொரு தரம் கேளுங்க. தேறலன்னா அவளோட என்னையும் அனுப்பிடுங்க."

அவரும் இசைந்தார். மறுதேர்வில் அஞ்சலாட்சி ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. தலைமை வைத்தியர் எழுந்து வந்து ஐயாவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"எனக்கு ஏன் முசியே அப்டி ஆச்சு?" என்று அழுதாள் அஞ்சலாட்சி.

"முழுசா எனக்கே தெரியலம்மா. தெரிஞ்சிக்க இன்னும் எவ்ளோ வருசம் ஆவுமோ. ஆனா நீ மக்கு இல்ல. அது நல்லாத் தெரியும்."

அன்றுமுதல், மருந்து வேண்டாமென்னும் மாணவியிடம் இங்கே எவரும் காரணம் கேட்பதில்லை.

பெருந்தகையீர்! அம்மையாருடன் அகமும் முகமும் மலர, நோய் நொடி அணுகாது, கடற்காற்றில் காலாற நடந்து, நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றியோர் அனைவருக்காகவும்
இம்மடலை எழுதிப் படித்தவள்,
அஞ்சலாட்சி,
உதவி ஆசிரியை.
புதுச்சேரி, 1938