வாய் திறக்கும் பரீட்சை

கணவாய்க் கறி என்றால் எனக்கு உயிர். ஊரே பாணுக்குப் பேக்கரி வாசலில் வரிசையில் நிற்கும் இந்தக் காலத்திலும் துறைமுகப் பக்கம் போனால் நல்ல கணவாய் கிடைக்கும். என் மனைவி வைக்கும் கறிக்காகவே என்னிடம் சத்திர சிகிச்சைப் பயிற்சிக்கு டொக்டர்மார் திருகோணமலையைக் கேட்டு வாங்கி வருகிறார்கள் என்று பகிடி சொல்வதுண்டு. என் பரீட்சையில் தேறியவருக்குத்தான் அந்த விருந்து. விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்பதும் அந்தப் பரீட்சையைப் பற்றித்தானே, விளக்கமாகவே சொல்கிறேன்.

நம்முடைய பிள்ளைகள் கெட்டிக்காரர். கை நடுங்காது, படிப்பிலும் குறையில்லை. ஆனால் பெரிய டொக்டர் பிழை விட்டால் வாய் திறக்க மாட்டார்கள். "ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டு நிற்பார்கள். அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். அதனால் சத்திர சிகிச்சை நடக்கும்போது, இரத்தம் ஒற்றும் துணியொன்றை நானே நோயாளியின் வயிற்றுக்குள் ஒளித்து வைப்பேன். பிறகு, "தைப்பமோ?" என்று கேட்பேன். ஒரு துணி குறைகிறது என்று தடுத்தால் தேறிவிட்டார். முன்பு பயிற்சிக்கு வந்த ஸைனுலாப்தீன் என் கையையே பிடித்து நிறுத்தினார். அன்றைக்குக் கறியில் பாதியை அவர்தான் முடித்தார்.

போன மாசியில் கதிரவேல் வந்தார். நல்ல பிள்ளை, எனக்கு மகன் மாதிரி. நோயாளி கிண்ணியாவைச் சேர்ந்த உம்மு குல்சும், வயிற்றில் கட்டி. கலகலப்பான மனுசி. மயக்க ஊசி போடும் வரை, சுகமானதும் எனக்கு ஒரு முட்டி எருமைத் தயிர் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டியை எடுத்தோம். துணியை வைத்தேன். தைப்பமோ என்று கேட்டேன். கதிரவேல், "ஓம் சேர்" என்றார். துணிகளை எண்ணும் தாதி புஸ்பராணி என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன், பேசாமல் இருந்தார். என் சொல்லை மீறாத ஆள். அதற்காக அவரை நான் எப்போதும் மெச்சுவதுண்டு.

தைத்து முடித்தோம். விடையைச் சொல்லிக் கொடுத்தால் அது பரீட்சையாகாது. நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் கதிரவேல் யோசிப்பார் என்று இருந்தேன். காய்ச்சல் வந்தது, மருந்தை மாற்றினார். வயிறு ஊதியது, திரும்பவும் மருந்தை மாற்றினார். ஒவ்வொரு காலையும், "வேறேதும் சொல்ல இருக்கோ, தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டேன். இல்லை என்றார். உம்மு குல்சும் மட்டும் தயிரை மறக்கவில்லை. தங்கச்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். தயிர் முட்டி வந்த அன்று மௌத்தானார். தயிர் கெட்டியாக, நன்றாக இருந்தது.

அவருடைய உடலைச் சுமந்த ஜனாஸா கிண்ணியாத் துறையைக் கடந்து போன பிறகு கதிரவேல் என் அறைக்கு வந்து அழுதார்.

"சேர், நீங்கள் துணியை வைக்கேக்க நான் கண்டனான். நீங்கள் செய்தா ஏதோ காரணம் இருக்கும் எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. இவ்வளவு கூர்மையான கண்ணை நான் கண்டதில்லை. பார்வைக்கு முழுப் புள்ளி போட்டேன். வாய்க்குப் பூச்சியம். தேறவில்லை, நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதானே. விருந்துக்கு அழைக்கவில்லை.

நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துணி கிடந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். உம்மு குல்சும் கண்மூடும் வரை ஒவ்வொரு காலையும் அவருடைய கட்டிலருகே நின்று, கதிரவேலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.