ரெண்டடி தள்ளி

ரெண்டே ரெண்டடி, மேஸ்திரி. மரத்தைச் சுத்தி முளைக்குச்சி அடிச்சுப் போட்ட கோட்டைச் சமையக்கட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னுதானே கேக்கறேன், ஊரையா எழுதித் தரச் சொன்னேன்? முதல்ல சோளரொட்டியைத் தின்னுங்க, ஆறிடப்போகுது. பாகு ஊத்திக்கங்க, வெக்கப்படாதீங்க.

எங்க வீட்டுக்காரரு லெமுவேலைக் கேட்டா, நீங்க போட்ட கோடே சரிம்பாரு. இந்த மேப்பிள் மரத்தை வித்ததே அவருதானே! நான் டெர்வில்லிகர் வீட்டுல பொம்பளைங்களோட சேந்து மெத்தைவிரிப்பு தைக்கப் போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள உங்க முதலாளி க்ராப்ஸியோட கைகுலுக்கி முடிச்சாச்சு.

உங்க முதலாளியைச் சொல்லணுமே! அடுப்புக்குப் பூசற கறுப்பு மையை வித்தே நாப்பது அறை வச்சு மாளிகை கட்டிட்டாரு. ஹட்சன் ஆறு முழுக்கத் தெரியுதாம், ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. கன்னு நட்டு வளக்கறதுதானேன்னா, அறுபத்திரெண்டு வயசாச்சு, நான் எப்ப நிழல்ல உக்கார்றதுங்கறாராம். அதான் ஊர்ல வளந்து நிக்கற மரத்தையெல்லாம் வேரோட கிளப்பறாரு. நல்ல ஆளு போங்க!

தெரியும், தெரியும். இப்பச் சுத்திப் பள்ளம் வெட்டுவீங்க. ஜனவரியில வேரும் மண்ணும் கல்லா உறைஞ்சதும் அப்படியே உருண்டையாத் தூக்கி, சறுக்குவண்டியில வச்சு மாடு கட்டி இழுப்பீங்க. ரெண்டடி கூடினா கனம் கூடும், முதலாளி கத்துவாரு. கத்தட்டுமே! வேரு இந்தப் பக்கம் நீளமா ஓடியிருக்குன்னு சொல்லுங்க. மாடு பத்தலைன்னா எங்க ஜோடியையும் பூட்டிக்கங்க.

விக்க வேண்டாம்னு சொல்லாமலா இருந்தேன்? கைகுலுக்கின பேச்சை மாத்த மாட்டேன்னுட்டாரு. காரணமா? அவருக்குத் தெரியாததா? இருபத்தோரு வருஷமா அந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுத் தொழுவத்துக்குப் போயிடுவாரு. நெசமாவே மறந்துட்டாரான்னு கேக்க எனக்குப் பயம்.

இன்னொரு துண்டு வைக்கட்டா?

அதுவும் ஜனவரிதான். கல்லறைத் தோட்டத்துல கடப்பாரையே எறங்கலை. எங்க அடுப்புச் சூட்டுக்கு இந்தச் செவுத்தோரம் மட்டும் மண்ணு இளகியிருந்துச்சு. எம் பொண்ணு ஃபீபி ஒரே நாள்தான் இருந்தா. சின்னப் பெட்டிதான், மெழுகுவத்தி வந்த பெட்டி. நீங்க போட்ட கோடு நேரா அது மேலதான் போகுது, மேஸ்திரி. ரெண்டடி தள்ளினா வெட்டுப்படாம மரத்தோடயே போயிடுவா.

அட, தொப்பியெல்லாம் எதுக்குக் கழட்டறீங்க? முளைக்குச்சியைப் பிடுங்கித் தள்ளி அடிங்க, அது போதும்.