ஓவனுக்குள் போகாத அரிவாள்

எங்கள் வீட்டில் ஓவன் வாங்கியது கேக் சுடுவதற்குத்தான். என் மனைவி அனிதா யூடியூப் பார்த்து ஒரு கேக் சுட்டாள். அடியில் கருகிப் போனது, அதோடு அவள் ஆசையும் தீர்ந்தது. அப்புறம் ஓவன் என் பட்டறைக்கு வந்துவிட்டது. ஓவனைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று பார்க்கிறீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆயுத பூஜையன்று என் தங்கை அன்புசெல்வியின் கணவன் சிவராஜின் பனியன் கம்பெனியில் அரிவாள் உடைந்து தெறித்ததை விபத்து என்று முடித்துவிடலாம் என்றீர்கள். அரிவாள் அடித்தவர் பிரபாகர், அதாவது நான், பொழுதுபோக்காக இரும்பு அடிக்கிறவர், தொழில் தெரியாமல் செய்துவிட்டார் என்று சிவராஜும் சொல்லியிருக்கிறான். உறவுக்காரர்கள் வந்து, "யானைக்கும் அடி சறுக்குமுங்க" என்று தேற்றிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அடி சறுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் பெருமாநல்லூரிலிருந்து நானாகவே பஸ் ஏறி வந்தேன்.

நான் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். வாரமெல்லாம் துணி சுற்றிச் சுற்றி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கார் ஷெட்டுக்குள் போய்விடுவேன். அங்கே ஒரு தண்டவாளத் துண்டும் கேஸ் உலையும் இருக்கின்றன. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிக் கத்தி அடிப்பேன். விற்பதில்லை, யாரையும் வாங்கச் சொல்வதுமில்லை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இறுகிவிடும். இறுகினால் கூர் நிற்கும். ஆனால் கண்ணாடி வளையல் மாதிரி, ஓங்கித் தட்டினால் உடையும். அதனால் மறுபடி ஓவனில் வைத்து மிதமான சூட்டில் விட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் அதன் விறைப்பு தணியும். வெளியே எடுக்கும்போது இரும்பின் மேல் வைக்கோல் நிறம் படர்ந்திருக்கும். இதை மறக்கிறவன் இரும்பையே தொடக் கூடாது. நான் ஒருநாளும் மறந்ததில்லை.

போன ஆடி நோம்பிக்கு அன்புசெல்வியும் சிவராஜும் எங்கள் வீட்டுக்கு விருந்து வந்தார்கள். கோடை முழுக்க உட்கார்ந்து செய்த கத்தி ஒன்றை, புளியமரப் பிடி போட்டது, கூடத்தில் வைத்திருந்தேன். சிவராஜ் அதை எடுத்துப் பார்த்தான். "ஏனுங்க மச்சான், இதுல வெங்காயமாச்சும் வெட்டலாமுங்களா?" என்றான். எங்கள் ஊர் மரியாதை அப்படி, அறைந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறைவார்கள். அப்புறம் அந்தக் கத்தியைப் பெயிண்ட் டப்பா மூடியில் கொடுத்து நெம்பினான். முனை போய்விட்டது. "தகரமுங்க மச்சான்" என்று என்னிடமே திருப்பி நீட்டினான்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்புசெல்வியும் சிரித்தாள். "உடுங்கண்ணா, கடையிலயே நல்ல கத்தி கெடைக்குதுங்கல்ல" என்றாள்.

எந்தக் கத்தியை வைத்து நெம்பினாலும் முனை போகும். அதைக் கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. இப்போது சொல்லும்போதும் வருகிறது.

ஆயுத பூஜைக்கு ஒரு அரிவாள் அடித்துத் தருகிறேன் என்று நானேதான் போன் செய்து சொன்னேன். அவன் கம்பெனியில் பூஜை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும் வாசலில் தேங்காய் உடைப்பான். மற்றவர்கள் கல்லில் உடைப்பார்கள். அவன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் ஓங்கி ஒரே போடு போடுவான். டெய்லர்கள் கை தட்டுவார்கள். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

அரிவாளைக் காய்ச்சினேன், தோய்த்தேன். ஓவனில் வைக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். சரியாகச் சொன்னால், செய்யாமல் விட்டது. கூடவே தோய்த்த ஒரு சின்னத் துண்டைத் தண்டவாளத்தில் தட்டிப் பார்த்தேன். உடைந்து பறந்து ஷெட்டுக் கதவில் குத்தி நின்றது. இன்னும் அங்கேயே இருக்கிறது, நீங்கள் வந்து பார்க்கலாம். வைக்கோல் நிறம் இல்லாதது தெரியாமலிருக்க அரிவாள் முழுக்கச் சந்தனம் பூசினேன்.

"புது இரும்புங்க மாப்ள, முதுகுல தேங்கா ஒடைச்சுப்போடாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் கொடுத்தேன். "பாருங்க, தகரம்னு அவரே ஒத்துக்கறாரு" என்று சிரித்தான். நான் எச்சரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால்தான் அவன் செய்வான் என்று எனக்குத் தெரியும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரில் பூவை மறந்துவிட்டேன் என்று சொல்லி அனிதாவை அனுப்பினேன். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

பூஜையில் பெண்டாட்டி கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நிற்பது வழக்கம். அன்புசெல்வி நின்றாள். அவள் அங்கேதான் நிற்பாள் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அவளையும் கூப்பிட்டிருந்தால் பூஜை நின்றுபோயிருக்கும். அவள் அன்றைக்குச் சிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிவராஜுக்கு உள்ளங்கையில் ஒரு கீறல். உடைந்த துண்டு அவள் கழுத்தில் ஏறிவிட்டது. தூக்கிக் காரில் வைத்தவன் நான்தான். ஆஸ்பத்திரி போகும்வரை என் சட்டையைப் பிடித்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பிடி விட்டிருந்தது. நான் அழுதேன் சார், அது நடிப்பில்லை.

பேசாமல் இருந்திருப்பேன். மயானத்தில் சிவராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாத வேலைய ஏனுங்க மச்சான் செஞ்சீங்க?" என்று கதறினான். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடைந்த துண்டு உங்களிடம்தான் இருக்கிறது. தெரிந்த ஆள் யாரிடமாவது அதன் உடைந்த வாயைக் காட்டிக் கேளுங்கள். காய்ச்சிய சூடு பிசகியிருந்தால் மணல் மணலாக இருக்கும். இது மைதா மாவு மாதிரி நைசாக இருக்கும். அப்படித் தோய்க்க எனக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆனது என்று உங்களுக்குத் தெரியாது.

கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கையைக் கொன்றவன் என்றும் எழுதுங்கள். தொழில் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.