காலியாக விட்ட வரி

இந்த விசாரணை அதிகாரி பால் விடாமல் தேநீர் குடிக்கிறாரே, வயிறு என்னத்துக்கு ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதென்று முடிவு செய்திருந்தேன்.

ஆமாம், எங்கள் தெருவுக்கு நான்தான் பொறுப்பாளர். பனி உருகினால் ஜாயிக் ஆறு ஊருக்குள் வரும் என்று நகராட்சி மார்ச் மாதமே எங்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. மணல் மூட்டையை எங்கே அடுக்குவது, அபாயச் சங்கு ஊதினால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, எல்லாம் சொன்னார்கள். தாங்களாக வெளியேற முடியாதவர்களின் பட்டியலைத் தயார் செய்வது என் வேலை. பட்டியலில் இருக்கும் வீட்டுக்கு ஸ்ட்ரெச்சரோடு லாரி வரும். கண் தெரியாத யெர்காலியை எழுதினேன். பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த ஒரு பெண்ணை எழுதினேன். கடைசி வரி எங்கள் வீட்டுக்கு.

என் மாமியார் ஏழு வருடமாகப் படுக்கையில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். என் கணவர் செரிக்போலுக்கு எண்ணெய் வயலில் வேலை. பாதி மாதம் அங்கே இருப்பார். மீதிப் பாதி இங்கே தூங்குவார்.

"ஏய் மென்சுலு, நீ மருமகளா, ஜெயில்காரியா? டீ கேட்டு அரை நாளாச்சு" என்பார் மாமியார்.

"இப்பத்தானேம்மா குடிச்சீங்க."

"அதுவா டீ? கழுவின தண்ணி."

சில நாள் இரண்டு பேருமே சிரித்துவிடுவோம். நான் அவரை வெறுத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலை வாங்க வந்த நகராட்சிப் பெண் அக்மரால் காலியாக இருந்த கடைசி வரியைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன அக்கா, மாமியார் பேரைச் சொல்ல வாய் வரலையா? எங்க அம்மாவும் இப்படித்தான். சாகுற வரைக்கும் சொல்லலை."

"அவங்க பிள்ளை வந்து எழுதுவார்" என்றேன். புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லாத எங்கள் வழக்கம் அவளுக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை. செரிக்போல் போனில் கேட்டபோது, பெயர் கொடுத்தாயிற்று என்றேன்.

ஏப்ரலில் ஒருநாள், செரிக்போல் எண்ணெய் வயலில் இருந்தபோது, காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. முற்றத்தில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது.

"லாரி வந்துடுச்சா?" என்றார் மாமியார்.

"வரும்மா."

தலையணையை உயர்த்தி வைத்தேன். பால் விட்டுத் தேநீர் கொடுத்தேன். கதவைப் பூட்டவில்லை. தெரு முனையில் லாரிக்காரர், "பட்டியல் முடிஞ்சுது. வேற யாராவது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பள்ளிக்கூடத் தரையில் நூறு பேருக்கு நடுவில் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். யாரும் கூப்பிடவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "பேரைச் சொல்லக் கூடாதுங்கற வழக்கத்தால விட்டுப்போச்சுன்னு எழுதிடுங்க, தங்கச்சி. ஊர்ல யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

கதவருகே செரிக்போல் நின்றுகொண்டிருந்தார். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவரின் கண்கள் வீங்கியிருந்தன. "எழுதிடு மென்சுலு. அப்படித்தான் நடந்துச்சுன்னு நான் நம்பணும்."

வழக்கம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. மாமியாருக்கு மருந்து வாங்கும் படிவத்தில் அந்தப் பெயரை ஏழு வருடமாக, மாதம் தவறாமல் நான்தான் எழுதிவந்தேன்.

தாளை அதிகாரியின் பக்கமே தள்ளிவைத்தேன்.

"வேண்டாங்க" என்றேன்.